மூன்று ரூபாய்ச் சாவி

பேட்டை நிறுத்தத்துக்கு ஆறு நாற்பதுக்கு
ஹைகிரவுண்டு பஸ் வரும்.
நான் மில்லில் ராத்திரி ஷிப்டு முடிந்து வருவேன்.
நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நிற்பாய்.
வீட்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி.
அதைக் கைமாற்றத்தான் அந்த நாலு நிமிஷம்.

இடுப்பில் செருகியிருந்த சூடு ஆறாமல்
என் உள்ளங்கைக்கு வரும் சாவி.
கூடவே உத்தரவுகள்:
"மூணு கொடம் தண்ணி பிடிச்சாச்சு.
சொதியக் கொதிக்க விட்ராதிய, திரிஞ்சிரும்.
சீமெண்ணெ வண்டி மணி கேட்டா முழிச்சிக்கிடணும்."
சொல்லச் சொல்ல
என் புருவத்தில் ஒட்டிய பஞ்சை எடுப்பாய்.
பூக்காரி வேறு பக்கம் பார்ப்பாள்.
"சிஸ்டர், ஏறுங்க" என்பார் கண்டக்டர் தவசிக்கனி.

உனக்கு நைட் டியூட்டி விழும் வாரம்
அதே சாவி சாயங்காலம் எதிர்த்திசையில் போகும்.
இருபத்தாறு வருஷம்.

அபூர்வமாக ஒரு முழு நாள் சேர்ந்து கிடைத்தால்
நமக்குக் கூச்சமாகிவிடும், ஆவுடை.
விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி
அடுக்களை வாசலில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்போம்.
அதனாலேயே குறுக்குத்துறைக்குப் போவோம்.
முங்கி எழுந்து
ஈரத்தலையோடு வார்டுக் கதை சொல்வாய்.
யார் பெயரும் சொல்ல மாட்டாய்.
"ஒம்பதுக்கு மகன் வந்துட்டான் துபாய்ல இருந்து.
பதினேழு நேத்து ராத்திரி போயிட்டு."
"எந்த ஊரு?" என்றால்
"பதினேழு" என்பாய் மறுபடியும்,
தலையை வேகமாகத் துவட்டிக்கொண்டு.

தொண்ணூற்று நாலு ஐப்பசி.
மழையில் நீ எனக்காக நிற்க வேண்டாமே என்று
டவுன் வாகையடி முக்கில்
மூன்று ரூபாய் கொடுத்து இன்னொரு சாவி வெட்டினேன்.
வாங்கி வைத்துக்கொண்டாய்.
நாலாம் நாள், "தொலஞ்சு போச்சு."
ஏசினேன். தீபாவளி வரை ஏசினேன்.
மூணு ரூவா தண்டம், மூணு ரூவா தண்டம் என்று
சோறு தின்னும்போதுகூட.
நீ வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு
என் பக்கம் நகர்த்தினாய், அவ்வளவுதான்.

கடைசியில் உனக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள்.
நீ வேலை பார்த்த வார்டுதான்.
"இருபத்திரெண்டு. ஜன்னல் பக்கம். நல்ல பெட்டு"
என்றாய், நான் உள்ளே நுழையுமுன்.
பிறகு: "கதவப் பூட்டுனியளா?"

போன மாசம்தான் உன் டியூட்டிப் பையை உதறினேன்.
கத்தரிக்கோல். ஒற்றை வளையல்.
பழைய சம்பளச் சீட்டில் மடித்த குங்குமம்.
தெர்மாமீட்டர்க் கூடு ஒன்று,
குலுக்கினால் சத்தம் வராமல் கனத்தது.
உள்ளே, பஞ்சு சுற்றி, சாவி.
வெட்டிய அன்றைக்கு இருந்த அதே மஞ்சள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.
அந்த நாலு நிமிஷத்துக்காகவா, அடியே,
இத்தனை ஏச்சும் வாங்கிக்கொண்டாய்?
வெகுநேரம் கழித்து
எழுந்துபோய்ப் பூட்டில் போட்டேன்.
நுழைந்தது.
திரும்பவில்லை.
தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை.
அந்தப் பாவி முதலிலேயே தப்பாக வெட்டியிருக்கிறான்.

ஏமாந்து வந்தவன் முகம் சுருங்கக் கூடாதென்று தொலைத்தாயா,
ஆறு நாற்பதுக்காகத் தொலைத்தாயா,
எப்போதாவது ராவிச் சரிசெய்யலாமென்று போட்டுவைத்து
சும்மா மறந்துதான் போனாயா?
மறந்திருந்தால் பஞ்சு எதற்கு?

மில் பஞ்சா, ஆஸ்பத்திரிப் பஞ்சா அது
என்று ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிரித்தேன்.
விரலில் உருட்டினேன், இழுத்தேன், மோந்தேன்.
முப்பத்தோரு வருஷம் பஞ்சுக்குள் கிடந்தவன்.
கண்டுபிடிக்க முடியவில்லை.