மூட்டை, இரவு ஒன்றேமுக்கால்

கிளீவ்லாந்து. ஜனவரி.
கீழ்த்தளத்து உலர்த்தி ஒரு சுற்றுக்கு
எட்டுக் காசு கேட்கிறது, எட்டும் கால் டாலர்.
என் அங்கியில் இருப்பது இருபத்திரண்டு.
மூட்டைகள் மூன்று.
கணக்கு எப்போதும் இப்படித்தான், இரண்டில் உதைக்கும்.

மாடியில் கட்டிலை உரித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.
அம்மணமாய்க் கிடக்கிறது மெத்தை,
தையலோரம் மிளகை நுணுக்கித் தூவியதுபோல்.

முதல் வாரம் தலைமுடி உலர்த்தியை நீட்டித் துரத்தினேன்.
ஓடின. சாகவில்லை.
சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் முகவரி மாற்றிக்கொண்டன.
இரண்டாம் வாரம் ஹீட்டரை முழுக்கத் திருகினேன்.
எனக்கு வேர்த்தது,
அவற்றுக்கு அது வசந்தம்.
மூன்றாம் வாரம் இஸ்திரிப் பெட்டி.
ஆவி சீறச் சீற, விளிம்பில் விரற்கடை விரற்கடையாக.
முட்டைகள் வெடிப்பது கேட்டதாக நினைத்தேன்.
கேட்டிருக்காது.
கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

பேக்கரியில் வாண்டா என் மணிக்கட்டைப் பார்த்தாள்.
மூன்று தடிப்பு, ஒரே வரிசையில்.
மாவு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.
பதினேழு வருடமாய் மாவு பிசைகிறவள் நான்.

இரும்பு உருளைக்குள் ஜிப்பு ஒன்று
டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது.
எதன்மீதும் சாயாமல்
அறையின் நட்டநடுவில் நிற்கிறேன்.

கதவு திறந்தது.
நாலாம் மாடி மிஸஸ் ஸுபான்சிச்.
ஆறு வருடமாய் லிஃப்டில்
வானிலை மட்டும் பேசுகிறவர்.
கையில் கறுப்பு மூட்டை. இரட்டை முடிச்சு.
என்னுடையதும் கறுப்பு, இரட்டை முடிச்சு.

"கம்பளிப் போர்வை, புழுக்க வாடை" என்றார்.
"விருந்தாளி வருகிறார்கள்" என்றேன்.
மணி இரண்டு.

அவரும் எதன்மீதும் சாயவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து
என் இயந்திரத்தின் குமிழைக் குனிந்து பார்த்தார்.
"ஆர்லீன், நடுச் சூட்டில் வைத்திருக்கிறாய்.
அது துணிக்கு.
இதற்கு உச்சத்தில் வை, நாற்பது நிமிடம்."

இதற்கு.

அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு
நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது
அவரே குமிழைத் திருப்பினார், கட்டக் கடைசிவரை.
பிறகு அங்கிப் பையைத் துழாவி
இரண்டு காசு எடுத்து, கேட்காமலே,
மேசைமேல் வைத்தார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்.
எந்தக் கூரையிலிருந்து எந்தத் தரைக்கு என்று
அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சிவப்பு ஸ்வெட்டர் பொம்மைக்குத் தைத்ததுபோல் சுருங்கி வந்தது.
தூக்கிக் காட்டினேன்.
"என் வீட்டில் மூன்று போயிற்று" என்றார்,
"ஒன்று அவருடையது."
சிரிக்கத் தொடங்கியவர் நடுவில் நிறுத்திக்கொண்டார்.
அந்தச் சின்னச் சட்டையை வாங்கி
கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தந்தார்.
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிச் சூடு.

மேலே போகும்போது லிஃப்டில்
ஆளுக்கொரு கொதிக்கும் மூட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தோம்.
மிச்ச இரண்டும் காலடியில்.
"நாளைக்குப் பனி கொட்டுமாம்" என்றார்.
"கொட்டட்டும்" என்றேன்.

மூன்றாம் மாடி வருவதற்குள்
ஒருவர் பார்க்காதபோது ஒருவர்
கழுத்தைச் சொறிந்துகொண்டோம்.