திருப்பி எடுப்பதில்லை

அசஹிகாவாவில் பனி கொட்டும் பிப்ரவரி.
எங்கள் கடையின் பின்சுவரோரம்
நீலக் கூடைகள் பதினொன்று.
மேலே அட்டையில் என் கையெழுத்து:
'பழுது. சோதிக்கவில்லை. திருப்பி எடுப்பதில்லை.'

நடுவில் உள்ளது பொய்.
முதலாளி ஒனோதேராவுக்குத் தெரியாமல்
மதியச் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு
எல்லாவற்றையும் செருகிப் பார்த்தவன் நான்.

கையுறை ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டு குத்தினால்
திரையில் இருப்பவன் அரை நொடி யோசித்துவிட்டு
வேறு யாரையோ குத்துவான்.
கையடக்க விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு விளக்கு,
பூதக்கண்ணாடியோடு, பெட்டியை விடப் பெரிதாக;
நான்கு பேட்டரியைத் தின்றுவிட்டு
அரை மணி நேரம் வெளிச்சம் கக்கும்.
ரயில் ஓட்டும் நெம்புகோலை மடியில் வைத்தால்
கால் மரத்துப்போகும்.
அதை வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே
அபாஷிரி வரை போய்வந்திருக்கிறேன்.
வழியில் நிற்கவேண்டிய நிலையங்கள் சிலவற்றில் நிற்கவில்லை.

இதையெல்லாம் எதற்குச் செய்தார்கள் என்று கேட்காதீர்கள்.
ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ கைதூக்கி
'மீன் பிடித்தால் எப்படி?' என்றிருக்கிறார்.
யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்தத் தூண்டில் ஏழாவது கூடையில் கிடந்தது.
முழங்கை நீளப் பிளாஸ்டிக்.
நூல் கிடையாது, முள் கிடையாது,
சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி மட்டும்.
மீன் சிக்கினால் உள்ளே மோட்டார் துடிக்கவேண்டும்.
இதில் துடிக்காது.

புதன்கிழமை மினேகிஷி சான்
பூட்ஸிலிருந்த பனியை உதறாமலே உள்ளே வந்தார்.
நேராக ஏழாவது கூடை.
விலைச் சீட்டைப் பார்த்தார்,
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஆயிரத்து எண்ணூறா?
நவம்பரில் இதை உங்களுக்கு விற்றவள் நான்.
நூறு யென் கொடுத்தீர்கள்.
அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கினீர்கள்."

"மோட்டார் வேறு போய்விட்டது" என்றேன்,
விலையைக் குறைக்க ஒரு சாக்கு வேண்டுமே.
"தெரியும். கெடுத்ததே நான்தான்."

கணவருடையதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
முகத்தில் தெரிந்துவிட்டது போலும், முறைத்தார்.

"என்னுடையது.
கசுமா பிறந்த வருஷம்.
நடுராத்திரிப் பால் குடித்து அவன் தூங்கிவிடுவான்,
எனக்குத்தான் தூக்கம் வராது.
டிவி சத்தத்தை அடக்கிவிட்டு
இடக்கையில் அவன், வலக்கையில் இது.
ஒருநாள் பெரிய மீன் சிக்கி,
இது துடித்த துடிப்பில் பிள்ளை அலறி எழுந்தான்.
மறுநாள் திறந்து கம்பியை வெட்டிவிட்டேன்.
அப்புறம் துடிப்பை நானே நினைத்துக்கொண்டேன்.
எத்தனை பிடித்தேன் தெரியுமா!
யாரிடம் சொல்வது? காட்ட மீன் இல்லையே.
ஒருமுறை மைத்துனர் நிஜ ஏரிக்குக் கூட்டிப்போனார்.
குளிர். புழு.
மீன் என்னவோ ஈரமாக இருந்தது."

சிரிப்பை அடக்கினேன். அவர் அடக்கவில்லை.

"கம்பிதானே, ஐந்து நிமிஷம், ஒட்டித் தரட்டுமா?"

"வேண்டாம், எழுந்துவிடுவான்"
என்று சொல்லிவிட்டு
கூடையிலிருந்த கையுறையை எடுத்துப் பார்த்தார்,
வைத்தார்.
"நகோயாவில் இருக்கிறான். இருபத்தாறு வயசு."

விளையாட்டுப் பெட்டியும் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றேன்.
இப்போதைய டிவியில் அதை மாட்ட ஓட்டையே இல்லை,
ஏரி வேண்டாம் என்றார்.
கைப்பிடியைச் சுற்றினார். கர்ர்ர்.
பாதிச் சுற்றில் ஓரிடத்தில் இடறியது;
கட்டைவிரல் அதற்கு முன்பே
விலகிக் கொடுத்திருந்தது.
பழுது என்று நான் குறித்துவைத்ததில்
அந்த இடறலும் சேர்த்தி.

ஆயிரத்து எண்ணூறை அடித்து நூறு என்று எழுதினேன்.
இருநூறு வைத்தார்.
"மூன்று மாதம் வைத்திருந்தாயே, வாடகை."

பையும் வேண்டாம் என்றுவிட்டார்.
வாசலில் நின்று
கார் நிறுத்துமிடத்தின் வெள்ளைக்குள்
ஒருதரம் வீசினார். காத்திருந்தார்.
தானியங்கிக் கதவு மூட வந்தது,
அவரைக் கண்டு திரும்பிப்போனது,
மறுபடி மூட வந்தது.

"குளிர் வருது, யாரது கதவுகிட்ட?"
முதலாளி உள்ளேயிருந்து கத்தினார்.

நான் பதில் சொல்லவில்லை.
சொன்னால் மீன் கலைந்துவிடும்.