முதல் புதன், பகல் பன்னிரண்டு

இரவு ஷிஃப்ட் முடிந்து நான் பாலம் ஏறும்போது
ஊர் எதிரே இறங்கி வரும்,
ப்ராக் போகிற ஆறு நாற்பதைப் பிடிக்க.
யாரும் யாரையும் இடிப்பதில்லை.
பார்ப்பதும் இல்லை.
அதன்பின் சாயங்காலம் வரை
நாய்களும் ஓய்வூதியக்காரர்களும்
கியர்பெட்டி ஆலையின் உறுமலும்தான் ஊர்.
அந்த உறுமல் என் காதுக்குக் கேட்காமல் போக
பதினோரு நாள் பிடித்தது.

தபால்பெட்டியில் பெயர் ஒட்ட வந்த யிந்த்ர்ஷிஹ்
கடவுச்சீட்டில் கடைசியாக இருந்ததை எடுத்துக்கொண்டார்.
பெண் என்பதால் ஒரு வாலும் சேர்த்தார்:
செல்லத்துரையோவா.
மதுரைக்கு வடக்கே போயிராத என் அப்பா
இப்படி ஒரு செக் பெண்மணி ஆனார்.
மருந்துக்கடையில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.
கண்ணாடியைக் காகிதத் தொட்டியில் போட்டதற்கு
கீழ்வீட்டு வ்லாஸ்தா திட்டியதும் அவரைத்தான்.
தொலைபேசியில் சொன்னேன்.
"நான் என்னம்மா பண்ணினேன்?" என்றார்.

அவர்களுக்கும் ஒரு ழ இருக்கிறது.
நாக்கு நடுங்கியபடியே உரச வேண்டும்.
யிந்த்ர்ஷிஹ் பெயரின் நடுவிலேயே அது உட்கார்ந்திருக்கிறது,
எனக்கு வராது.
அவருக்குக் குழம்பு வராது.
கணக்கு நேர்.

முதல் மாதம், ஒரு புதன்,
பகலுறக்கத்தின் நட்டநடுவில்
ஊளையிட்டது ஊர்.
ஆலையா, ஆறா, என்னவென்று தெரியாது.
கடவுச்சீட்டு. அடுப்பை அணைத்தேனா. ஒரு கால் செருப்பு.
நான்கு மாடி.

வெளியே ஒருவர் வேலிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.
தூரிகை நிற்கவில்லை.
நாய் குனிந்த இடத்தில் வ்லாஸ்தாவும் குனிந்து
பையில் அள்ளி முடிச்சுப் போட்டாள்.
நிமிர்ந்து என் வெறுங்காலைப் பார்த்தாள்,
கையில் இருந்ததைப் பார்த்தாள்.
"ஸ்கௌஷ்கா."
படியேறி வந்து அகராதியில் தேடினேன்.
பரீட்சை. ஒத்திகை.
தையல்கடையில் அளவு பார்க்கவும் அதே சொல்தானாம்.

மாதத்தின் முதல் புதன் தோறும், நூற்று நாற்பது விநாடி.
இரண்டாம் மாதம் எழுந்து உட்கார்ந்தேன்.
நான்காம் மாதம் திரும்பிப் படுத்தேன்.
ஒன்பதாம் மாதம், விழித்திருந்தேன்,
சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிஷம் பிந்தியிருந்தது,
சரிசெய்துகொண்டேன்.
குடியேறுவது என்றால் இதுதான் போல.
அலுவலகத்தில் அதற்கு வேறு படிவம் வைத்திருக்கிறார்கள்.

மார்ச்சில் மூன்றாம் மாடிக்கு ஸோரியானா வந்தாள்,
ஹார்கிவிலிருந்து,
லெவ்கோ என்றொரு மகனோடும்
இஸ்திரிப்பெட்டி இல்லாத இஸ்திரிமேசையோடும்.
அடுத்த புதன் ஊளை தொடங்கியதும்
கீழே ஒரு கதவு அறைந்தது.
ஓட்டம் இல்லை. வேகமான, எண்ணி வைத்த காலடிகள்.

சைக்கிள் அறையில், ஜன்னலில்லாத சுவரோரம்
கண்டேன் அவர்களை.
தண்ணீர், போர்வை, டார்ச், பையனின் கோட்டு,
நான் மறந்த எல்லாம் அவளிடம் இருந்தது.
பையன் காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்திருந்தான்,
யாரோ சொல்லிக்கொடுத்தபடி, மிகச் சரியாக.

எனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் சொன்னேன்:
"ஸ்கௌஷ்கா."
"தெரியும்," என்றாள் ஸோரியானா.
"காகிதம் ஒட்டியிருந்தது, படித்தேன்.
அவனிடமும் சொன்னேன்."
பிறகு தோளைக் குலுக்கினாள்.

உட்கார்ந்தேன். தரை சில்லென்றிருந்தது.
பாதியில் வ்லாஸ்தா இறங்கி வந்தாள்,
எதற்கென்று சொல்லவில்லை,
எதையும் எடுக்கவும் இல்லை.
நாய் பையனின் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

ஊளை நின்றது.
லெவ்கோ எழவில்லை.
அபாயம் நீங்கியது என்று அடுத்ததாக ஒன்று ஒலிக்கும் என
காத்திருந்தான்.
இந்த ஊரில் அது வருவதில்லை.
அதை அவனுக்குச் சொல்ல எங்கள் மூவரில்
யாருக்கும் வாய் வரவில்லை.

சைக்கிள்களுக்கு நடுவே அப்படியே இருந்தோம்.
பல மாதம் கழித்து
ஆலையின் உறுமல்
எனக்கு மறுபடி கேட்டது.