இரண்டு புள்ளிகள்

கோப்பு இல்லை என்கிறது.
சிவப்பு எழுத்தில், நாற்பது வரி நீளத்துக்கு.
சர்வரில் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற அதே கோப்பு,
டெஸ்ட் ஓட்டினால் மட்டும்
பிறக்கவே இல்லையாம்.

கோத்தகிரி, டானிங்டன், உரக்கடை மேல்மாடி.
நான், ஹீட்டர், கீச்சிடும் யுபிஎஸ்.
மூன்றாம் நாள் மழை.
பச்சை இலை தராசில் ஏறியதும்
விவசாயி போனுக்குத் தகவல் போகும் செயலி இது:
இன்ன தேதி, இத்தனை கிலோ.
எழுதிய கேசவமூர்த்தி ஓசூர் போய்விட்டார்.
விட்டுப்போன பாதை இவ்வளவுதான்:
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, கோப்பின் பெயர்.

இரண்டு புள்ளி என்றால்
ஒரு படி மேலே ஏறு.
எங்கிருந்து?
அதை எழுதவில்லை மனுஷன்.

முதல் நாள் அரவேனுவில் இறங்கிப் போன் செய்தபோது
பேக்டரி மேனேஜரும் இப்படித்தான்:
"மேல வாங்க, ரெண்டாவது வளைவு."
ஏறினேன். ஏறிக்கொண்டே இருந்தேன்.
முட்டைக்கோஸ் பாத்தியில் ஒரு காட்டெருமை
என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப மேய்ந்தது.
அவர் சொன்னது பஸ் ஸ்டாண்டிலிருந்து.
நான் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கியிருந்தேன்.

டெஸ்டுக்குள் ஒரு வரி சேர்த்தேன்:
நீ இப்போது எந்த போல்டரில் நிற்கிறாய், சொல்.
சொன்னது.
நான் நினைத்த இடத்துக்கு இரண்டு தட்டு மேலே
நின்றுகொண்டிருந்தது, பாவம்,
அங்கிருந்தும் ஒரு படி ஏறி
வெறும் காற்றைத் துழாவியிருக்கிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
மணி ஆறரை. கடைசி பஸ் ஏழுக்கு.
டிஸ்க் முழுக்கப் பெயர் போட்டுத் தேடினேன்.
'பழசு_புதுசு_கடைசி' என்றொரு போல்டரில்
அதே பெயரில் ஒன்று அகப்பட்டது.
வேரிலிருந்து முழுப்பாதையையும் அடித்தேன்.
பச்சை.
இருநூற்றுப் பதினான்கும் பச்சை.
மழை விட்டதுபோலக்கூட இருந்தது.

மப்ளரைச் சுற்றும்போது போன்.
தாந்தநாடு போஜன்.
"நாப்பத்திமூணு கிலோ போட்டேன்மா.
மைனஸ் அஞ்சு கிலோன்னு வந்திருக்கு.
இனி நான்தான் பேக்டரிக்கு இலை கடன்பட்டிருக்கேனா?"

தப்பான எடையைச் செயலி தடுக்கிறதா என்று பார்க்க
நானே எழுதிய டெஸ்ட் அது. தடுத்தது, சரியாகத்தான் தடுத்தது,
தடுத்த கையோடு எச்சரிக்கையும் அனுப்பியிருக்கிறது.
அந்தக் கோப்புக்குள் நிஜ டேட்டாபேஸ்.
நிஜ எஸ்எம்எஸ் சாவி.
அறுபத்திரண்டு நிஜ ஆட்கள்.

கிடைக்கவில்லை என்று அது கத்தியபோது
எவ்வளவு நல்லதாக இருந்தது.

பஸ் போய்விட்டது.
டெஸ்ட் போல்டருக்குள்ளேயே புதிதாக ஒரு கோப்பு வைத்தேன்:
பொய் டேட்டாபேஸ், பொய்ச் சாவி,
'ஒன்றுசாமி', 'இரண்டுசாமி' என்று பொய் விவசாயிகள்.
எங்கிருந்து ஓட்டினாலும்
பக்கத்தில் இருப்பதை முதலில் தொடும்படி மாற்றினேன்.
மறுபடி சிவப்பு, ஒரு எழுத்துப்பிழை, பிறகு பச்சை.
இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை.

பிறகு பட்டியலை விரித்து ஒவ்வொருவராக அழைத்தேன்.
ஐம்பத்தெட்டுப் பேர் எடுத்தார்கள்.
மன்னிப்பு வாய்க்குள் இருக்கும்போதே
எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்:

"எங்கிருந்து பேசறீங்க?"