துடைத்து வைத்த நாற்காலி

பியெல்லாவுக்கு மேலே, எங்கள் பள்ளத்தாக்கில்
செப்டம்பர் பாதியில் ஆலையை எடுத்துக்கொண்டோம்.
சண்டை இல்லை.
காவலாளி எர்மெனெஜில்தோ சாவிக்கொத்தைத் தந்துவிட்டு
பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டான்.

ஆற்றுக்கு அப்பால் சிப்பாய்கள்.
தெற்கிலிருந்து வந்த பையன்கள்.
எங்கள் சாயம் கலந்து ஓடிய நீரில் சட்டை துவைத்து
அது நீலமாகிப் போனதற்கு
எங்களைத் திட்டினார்கள்.

"அரசு அதோ, பாலத்தில் நிற்கிறது" என்றான்
சாயப்பட்டறை ஒரெஸ்தே, தொண்டை கட்டியவன்.
"துப்பாக்கி உண்டு, புகையிலை இல்லை.
வர்க்கம் இதோ, இங்கே நிற்கிறது.
நடுவில் ஆறு. அவ்வளவுதான் கணக்கு."
கைதட்டினோம். நானும்தான்.

நாற்பத்திரண்டு தறிகளை நாங்களே ஓட்டினோம்.
சங்கு மட்டும்
அவர் வைத்த நேரத்துக்கே ஊதியது;
மாற்றலாமென்று யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டங்கள் மாடியில், அதிபர் அறையில்.
மேசைக்குப் பின்னால் பச்சைத்தோல் நாற்காலி.
நாங்கள் சுவரோரம் நின்றோம்.
தெல்ஃபீனா அதைத் தினமும் துடைத்தாள்,
முதலில் கைப்பிடி, பிறகு கால்கள்.
யாரும் சொல்லவில்லை.
கேட்டால், "தூசி பிடிக்கிறதே" என்பாள்.

பன்னிரண்டாம் நாள்
கம்பளி வாங்கச் சீட்டெழுத வேண்டியிருந்தது.
கமிட்டியின் ஐந்து பேரும் மேசைமேல் குனிந்து
நின்றபடியே கையெழுத்திட்டார்கள்,
கால்சட்டை அதில் உரசிவிடாமல்.

அப்போதுதான் குவின்தோ,
சிக்கெடுக்கும் பிரிவில் இருபது வருடம் இருந்து
காது போனவன்,
பூட்சுக் கயிறு கட்ட
அதில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரு!"
அறையே கத்தியது.
முதலில் கத்தியது நான்.
அவனுக்குக் கேட்காது என்பதும் மறந்து.

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு
மெதுவாக எழுந்தான்.
"உள்ளே குதிரைமயிர்" என்றான்.
"குத்துகிறது."

அன்றிரவு மூட்டைகளின்மேல் படுத்து
அந்தச் சத்தம் என் தொண்டைக்குள்
எந்த வழியாக வந்ததென்று தேடினேன்.
அடித்துக் கற்பித்தவர் யாருமில்லை.
அவருடைய அம்மா பெயரில் ஒரு பள்ளிக்கூடம்,
அங்கே நான்காம் வகுப்பு வரை நான்.
கோயிலில் முன்பெஞ்சு, பித்தளைத் தகட்டில் அவர் பெயர்;
குழந்தையாக, எழுத்துக்கூட்டி வாசித்த முதல் பெயர் அது.
சேமிப்புச் சங்கத்தின் நீலப் புத்தகம்.
என் மகளுக்கு ஞானத்தந்தை அவருடைய கணக்கர்,
நல்ல மனிதர், வெள்ளிக் கரண்டி தந்தார்.
இசைக்குழுவுக்கு அவர் வாங்கித் தந்த ட்ரம்பெட்.
எதிலும் துப்பாக்கி இல்லை.
சிலவற்றை நேசித்தேன்,
ட்ரம்பெட்டை இன்னும்.

பாலத்துப் பையன்கள் கடைசிவரை ஆற்றைத் தாண்டவில்லை.
ஒரெஸ்தே அதை வெற்றி என்றான்.

பதினெட்டாம் நாள் ஒப்பந்தம்.
நாளொன்றுக்கு நாலு லீரா கூடுதல்;
குறைவில்லை, பிள்ளைகளுக்குச் செருப்பு வந்தது.
அதிபர் படியேறி வந்தார்.
நாற்காலியில் ஒரு விரலை இழுத்து, விரலைப் பார்த்து,
தெல்ஃபீனாவிடம் "நன்றி" என்றார்.
அவள் முகம் சிவந்தது. எதனால் என்று
இன்றுவரை சொல்லவில்லை.

நாங்கள் தொப்பியைக் கழற்றியிருந்தோம்.
குவின்தோ கழற்றவில்லை.
கழற்றச் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை
என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.
யார் சொன்னது, கழற்றச் சொல்லி?