இரண்டாயிரம், ஜனவரி ஒன்று

ஹானுஸ் கடையில் இரண்டு பெட்டி.
ஒன்றில் இருபத்தேழு அங்குலத் திரை,
மற்றதில் அறுபத்து நான்கு ஜிபி நினைவகம்.
என் கையிருப்பு ஒன்றுக்குத்தான் தலையாட்டியது.
"நிறம் வேண்டுமா, வேகம் வேண்டுமா?" என்றான்.

கிளாக்ஸ்விக் ஊரில் நின்றுகொண்டு
நிறத்தைப் பற்றிக் கேட்கிறான்.
வெளியே கடல், மலை, வானம் மூன்றும்
ஒரே பானையில் வடித்த கஞ்சியாய்க் கிடந்தன.
சாம்பல் என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன்,
கம்பளிக்கடை மார்யுன் விட்டிருந்தால்.
"என் ஆடு இந்தச் சாம்பல் இல்லை.
இது சாக்கடைக் குழாயின் சாம்பல்" என்று
ஒரே சட்டையின் படத்தை
நான்கு முறை திருப்பி அனுப்பியவள்.

திரையை வாங்கினேன்.
நினைவு மெதுவாக வரட்டும், பழகியதுதான்.

அளவுகருவி அட்டைபோல் திரையில் ஒட்டிக்கொண்டு
சிவப்பை உறிஞ்சியது, பச்சையை உறிஞ்சியது.
பத்து நிமிடத்தில் தெரிந்துபோனது:
ஒன்பது வருடமாக நான் படம்பிடித்த மணப்பெண்கள்
எல்லோரும் கொஞ்சம் நீலம்.
யாரும் சொன்னதில்லை.
குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு கோப்புகள்.
பழைய வன்தட்டு பல்லைக் கடிக்கத் தொடங்கியிருந்தது.
மூன்று பிரதி என்பது விதி:
ஒன்று மேசையில், ஒன்று அலமாரியில்,
ஒன்று வேறு ஊரில், வேறு கூரையின் கீழே,
இரவில் தானாகவே நிரம்பிக்கொள்ளும்படி.
வேறு கூரை என்றால் எனக்கு
தோர்ஸ்ஹாவ்னில் இருக்கும் தம்பி ஓட்மார்.

'கடைசி', 'கடைசி 2', 'இதுதான் கடைசி',
'மார்யுன் சொன்ன கடைசி'
எல்லாவற்றையும் கலைத்து
தேதிவாரியாக அடுக்கு என்றேன்.
அடுக்கியது.
பதினோராயிரத்துச் சொச்சம் படமும்
ஒரே நாளில் போய் விழுந்தன:
இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.

கேமராவுக்குள் மிளகளவு மின்கலம் ஒன்று
எப்போதோ உயிரை விட்டிருக்கிறது.
பெரிய பேட்டரியைக் கழற்றும் போதெல்லாம்
கடிகாரம் தன் பிறந்தநாளுக்கே திரும்பியிருக்கிறது.
நான் கேட்கவும் இல்லை, அது சொல்லவும் இல்லை.

என்ன நாள் அது!
காலையில் பனி, கூடவே ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பு.
ஹைனியின் படகு பாறையில் மோதியது,
மதியம் புத்தம்புதிதாக நீரில் இறங்கியது.
என் நாயைப் புதைத்தோம்,
அப்புறம் அது பந்தைத் துரத்தியது.
வீட்டை விற்க வேண்டும், படம் எடு என்றான் ஓட்மார்.
அரைமணி கழித்து
சட்டைப்பையில் மோதிரத்தைத் தடவிக்கொண்டு
எலின்போர்க் வரும் வழியைப் பார்த்து நிற்கிறான்.

ஒவ்வொன்றையும் கையால் பிரித்தேன்.
தேவாலயத்தில் சாரம் இருந்தால் முந்தின கோடை.
அஞ்சலகத்துப் பெண்ணின் வயிறு ஒரு நாட்காட்டி.
மூடுபனி மட்டும் தெரிந்த முந்நூறு படங்களை
அந்த ஜனவரியிலேயே விட்டுவிட்டேன்.

அப்போது ஹைனி கூப்பிட்டான்.
காப்பீட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம்:
கட்டுவதற்கு முன்பே படகு எப்படி உடைந்தது?

உடைந்த படகைப் பெரிதாக்கினேன்.
பின்னால் கல்ஸோய் தீவுக்குப் போகும் கப்பல்,
பாதி சிவப்பு, பாதி துரு.
வர்ணம் பூசியது ஏப்ரல் இரண்டாம் வாரம்,
துறைமுகப் பதிவேடே சாட்சி.
முடிந்தது. மூடப்போனேன்.

மேலே, வலது ஓரத்தில்
எலின்போர்கின் துணிக்கொடி.
அந்த ஏப்ரலில் ஓட்மார் கடலில்.
வீடு விற்கும் பேச்சே எழவில்லை.
கொடியில் ஒரு கம்பளிச் சட்டை.
நான்கு முறை திருத்திய சாம்பல்,
எனக்குத் தெரியாதா?
மார்யுன் அதில் ஒன்றுதான் பின்னினாள்.
அதைப் போட்டுக்கொண்டு ஹைனி சிரிக்கும் படம்
ஐந்து கோப்பு தள்ளி இருக்கிறது.

பழைய திரையாக இருந்தால் வெறும் மங்கல்.
நினைவகத்தை வாங்கியிருக்கலாம்.

ஓரத்தை வெட்டினேன். தேதியிட்டேன். அனுப்பினேன்.
வெட்டியது பிரதியைத்தான்.
மூலப் படத்தில் யாரும் கைவைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்மார் பேசினான்.
"உன் பெட்டி பத்திரம், அக்கா.
கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.
இந்த வாரம் ராத்திரியெல்லாம்
நீல விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.
நான் ஏதாவது செய்ய வேண்டுமா?"

ஒன்றும் வேண்டாம் என்றேன்.
தூசி மட்டும் துடை.