கொக்கிரகுளத்தில் ஒரு மனு

மனு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்.
தாளும் மையும் என்னுடையது.
போன மாசியில் கூத்தங்குழியிலிருந்து
அக்காளும் தங்கச்சியுமாய் வந்தார்கள்,
கித்தேரி, ரெஜினாள்.
இருவர் புருஷனும் வளைகுடாவில் மீன்பிடிக் கூலி.
ஒரே வாரம், ஒரே காற்று,
இரண்டு படகிலும் இஞ்சின் நின்றது.
கித்தேரியின் ஆள் ஒதுங்கியது நமக்கு ஆகாத நாட்டில்,
ரெஜினாள் புருஷன் சிக்கியது நமக்கு வேண்டிய நாட்டில்.
ஒரே மனுதான் எழுதினேன்,
பெயரை மட்டும் மாற்றி.

கித்தேரி வாசலில் மறுநாளே கேமரா.
பிணைக்கைதி என்றது டெல்லி,
காட்டாட்சி என்றது.
நாற்பதாம் நாள்
திருவனந்தபுரத்தில் மாலையோடு இறங்கினான்.

ரெஜினாளுக்கு ஒரு கடிதம்:
நட்பு நாட்டின் சட்டம் தன் கடமையைச் செய்யும்.
பின்னாலேயே ஒரு ஏட்டு,
பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறக்க வேண்டாமாம்.
அந்தச் சிறையிலும் சவுக்கடி உண்டு.
அங்கே அதற்கு மரபு என்று பேர்.

நேற்று திங்கட்கிழமை, தனியாக வந்தாள்,
மீன் வாடையடிக்கும் அதே மஞ்சப்பை.
பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்,
'அன்னாரை மீட்டுத்தர' வரைக்கும் எழுதிவிட்டு
வழக்கம்போல் கேட்டேன்,
"எந்த நாடுன்னு போடட்டும்?"

"பேப்பர் படிக்கிற ஆளுதான அண்ணாச்சி நீங்க.
டெல்லிக்கு இப்போ
எந்த நாட்டைக் கண்டா ஆகலியோ
அதைப் போடுங்க."

இரண்டு விரற்கடை இடம் விட்டு
முடித்தேன்,
இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.